மருத்துவம் சேர எது சரியான ஆண்டு?



நம்மூரில் பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, எம்பிபிஎஸ் சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் வழி வேறு. முதலில் நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டம், பிறகு நான்கு ஆண்டு மருத்துவம், அதற்கும் மேல் மூன்று முதல் ஏழு ஆண்டு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. பட்டம் வாங்கிய கையோடு சேர்வதா, ஓராண்டு பொறுத்துச் சேர்வதா என்று அங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் யோசிக்கின்றன.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்க வேண்டுமென்றால், முந்தைய ஆண்டு மே, ஜூனிலேயே விண்ணப்பம் போய்விடுவது நல்லது. பல கல்லூரிகள் வந்த வரிசையில் பரிசீலிப்பதால், தாமதித்தால் வாய்ப்பு சுருங்கும். ஆக, இடைவெளியில்லாமல் சேர நினைப்பவர் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வை எழுதி, பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் பெற்று, மருத்துவமனை அனுபவமும் சேர்த்திருக்க வேண்டும். இருபத்தொரு வயதில் எல்லோருக்கும் இது கைகூடாது. மருத்துவம் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று இடைவெளி விட்டுத்தான் வருகிறார்கள்.

அந்த இடைவெளி ஆண்டில் சிலர் அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்கிரைபாக இருக்கிறார்கள். மருத்துவர் நோயாளியிடம் பேசப் பேச, கூடவே நின்று கணினியில் பதிவு செய்யும் வேலை. சம்பளம் சொற்பம். ஆனால் நெஞ்சுவலி என்று வந்தவரிடம் மருத்துவர் முதலில் என்ன கேட்கிறார், துக்கச் செய்தியை உறவினரிடம் எப்படிச் சொல்கிறார், விடியும்வரை எப்படி நிற்கிறார் என்பதெல்லாம் கண்ணெதிரே நடக்கும். இந்த வாழ்க்கை தனக்கு ஒத்துவருமா என்பது அங்கே புரிந்துவிடும். கடனில் இறங்குமுன் அது புரிவது நல்லதல்லவா? 2026 ஜூலை முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. மீதிக்குத் தனியார் கடனையோ சேமிப்பையோதான் நாட வேண்டும்.

பொறுப்பதிலும் இழப்பு உண்டு. எம்கேட் மதிப்பெண் பல கல்லூரிகளில் இரண்டு, மூன்று ஆண்டுதான் செல்லும். மருத்துவராகச் சம்பாதிக்கும் காலமும் தள்ளிப்போகும். அதனால் எல்லாம் கைவசம் இருப்பவர் தயங்காமல் போகட்டும். அரைகுறை விண்ணப்பத்தை அனுப்பி, எல்லாக் கல்லூரிகளும் மறுத்தபின் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவதைவிட, ஓராண்டு பொறுப்பதே மேல்.

பெற்றோரே, பிள்ளை மூன்றாம் ஆண்டில் கால் வைக்கும்போதே இதை உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை சேர்ந்துவிட்ட கதையை மட்டும் அந்தப் பேச்சில் எடுக்காதீர்கள்.