கப்பலேறிய கத்னா

(தூத்துக்குடித் துறைமுகத் தொழிலாளர் நடுவில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி சற்றுக் கூச்சமானதுதான். பெண்கள் உட்கார்ந்திருக்கும் சபையில் இதைப் பேசலாமா என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். பெண்களுக்குச் செய்யப்படுவதைப் பெண்கள் முன் பேசக்கூடாதென்றால் வேறு யார் முன்தான் பேசுவது? இந்தக் கூச்சத்தை நம்பித்தானே அந்தக் கொடுமை இத்தனை காலம் பிழைத்து வந்திருக்கிறது!

அது என்னவென்றால், பெண் குழந்தையின் பிறப்புறுப்பின் மேல்தோலை, சில தேசங்களில் உறுப்பின் பாகத்தையே, கத்தியாலோ பிளேடாலோ அறுத்தெடுப்பது. இதனால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை; வலியும், ரத்தப்போக்கும், சீழ் பிடித்தலும், பிற்காலத்தில் தாம்பத்தியத் துன்பமுமே மிச்சம். இது ஏதோ ஆப்பிரிக்கச் சங்கதி என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, இவ்விதம் அறுக்கப்பட்டு உயிரோடிருக்கும் பெண்கள் 23 கோடிக்கு மேல். அதில் 8 கோடிப் பேர் ஆசியாக் கண்டத்தார்.

குஜராத்திலிருந்து வியாபாரத்திற்காக மும்பை, கொழும்பு, கிழக்கு ஆப்பிரிக்கா, லண்டன், சிட்னி என்று குடியேறிய தாவூதி போரா வகுப்பாரில், பெண்ணுக்கு ஏழு வயது ஆகும்போது இது நடந்து வருகிறது. கத்னா என்று பெயர். மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறவள் பெரும்பாலும் பெற்ற தாய் அல்லது பாட்டி. கப்பலேறியவர்கள் சரக்கோடு இதையும் மூட்டை கட்டிக்கொண்டே போனார்கள்.

இந்தத் துறைக்கு எதிர்க்கரையான இலங்கையிலோ, நம் தமிழையே பேசும் சோனகர் குடும்பங்கள் சிலவற்றிலும், மலாய்க்காரர் சிலரிடத்திலும், குழந்தை பிறந்து 40 நாளுக்குள் ஒஸ்தா மாமி என்பவர் வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போகிறார். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2008-ல் இது கட்டாயம் என்று பத்வாக் கொடுத்தது. 2018-ல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு, வைத்தியர்கள் இதைச் செய்யலாகாதென்று சுற்றறிக்கை விட்டது. நல்லதுதான். ஆனால் ஒஸ்தா மாமி என்ன, சுற்றறிக்கை படித்துவிட்டா வீடு வீடாகப் போகிறார்?

நிற்க. மதக் கட்டளை என்கிறார்களே, அதையும் பார்ப்போம். குர்ஆனில் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எகிப்து தேசத்தில் முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும் இதைச் செய்து வந்திருக்கிறார்கள். அங்கே 2007-ல் ஒரு சிறுமி இதனால் மாண்டபோது, அல்அஸ்ஹரின் மேல் ஆராய்ச்சிச் சபையே இதற்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை என்று அறிவித்தது.

சிட்னியில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே இரண்டு சிறுமிகளுக்குக் கத்னா செய்ததற்காகத் தாய், மருத்துவச்சி, மதத்தலைவர் ஒருவர் ஆகிய மூவரும் 2015-ல் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. அப்பீலில் விடுதலையானாலும், 2019-ல் அந்நாட்டு உயர்ந்த கோர்ட்டு அது குற்றமே என்று சொல்லிவிட்டது. இதற்கிடையில் 2016-ல் சிட்னி, லண்டன் முதலிய இடத்து போரா ஜமாத்துகள், இருக்கும் நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கத்னாவை விட்டுவிடுங்கள் என்று தங்களவர்க்குக் கடிதம் எழுதின. போலீசுக்காரனைக் கண்டால் விலகி நிற்கிற கட்டளை கடவுள் கட்டளையா? சிட்னியில் வேண்டாததும் மும்பையில் வேண்டியதுமாக ஒரு மோட்சம் உண்டா?

"முஸ்லிம்கள் வீட்டுச் சங்கதி, நமக்கென்ன?" என்று சிரிக்கும் தோழர் யாரேனும் இருந்தால், அவர் தம் வீட்டைச் சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும். சின்னப் பெண்ணுக்குப் பொட்டுக் கட்டிக் கோவிலுக்கு விட்ட நம்மை, 1947-ல் சென்னைச் சட்டம் வந்துதானே தடுத்தது! அதுவும் கிடக்கட்டும். நம் ஜில்லாவிலே பெண் குழந்தைக்குக் காதைக் குத்தி, பஞ்சைத் திணித்து, குணுக்குப் போட்டுத் தோளளவு இழுத்துப் பாம்படம் மாட்டினோமே, அது எப்படிப் போயிற்று? சட்டம் போட்டா? இல்லை. பேத்திகள் பள்ளிக்கூடம் போனார்கள், நாலு பேர் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். வளர்த்த காதையே அறுத்துத் தைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போன தாய்மாரும் உண்டு. காது ஊருக்குத் தெரிந்தது, ஆகவே போயிற்று. இது தெரியவில்லை, ஆகவே நிற்கிறது.

2015 முதல் போராப் பெண்களே வாய் திறந்து பேசத் தொடங்கினார்கள். 2017-ல் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது, மத்திய சர்க்கார் இதற்கு அதிகாரபூர்வமான கணக்கில்லை என்றது. கணக்கு எடுக்காமல் கணக்கு எங்கிருந்து வரும்? 2018-ல் வழக்கை ஐந்து நீதிபதிகளுக்கு அனுப்பினார்கள். 2019-ல் சபரிமலைக் கேள்வியோடு கட்டி இன்னும் பெரிய ஆயத்துக்கு அனுப்பினார்கள். ஏழு வயதுப் பெண் தீர்ப்பு வருகிறவரை ஏழு வயதிலேயே நிற்பாளா?

உங்களில் கொழும்பில் உறவும் சிநேகமும் உள்ளவர்கள் பலர். அங்கே யார் வீட்டிலாவது பெண் குழந்தை பிறந்தது என்று சேதி வந்தால், மாமி என்றைக்கு வருகிறார் என்று வெட்கமில்லாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு, அன்றைக்குக் குழந்தையை உங்கள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.