கப்பலேறிய கொள்ளுத் தாத்தா

'எங்க கொள்ளுத் தாத்தா சிங்கப்பூருக்குக் கப்பலேறினவர்' என்று சொல்லும் வீடுகள் தஞ்சை, நாகைப் பக்கம் நிறைய. எந்த வருஷம், அங்கே என்ன வேலை என்று கேட்டால் பதில் வராது.

பதில் தேட ஓர் இடம் இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' என்ற இணையதளத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு எல்லாம் அதில் உண்டு. காசு கிடையாது.

தேடுவதில்தான் சூட்சுமம். அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகை நம்மவர் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கும். முத்துசாமி 'மூட்டூசாமி' ஆகியிருப்பார். அச்சு மங்கிய இடத்தில் கணினியும் தன் பங்குக்குத் தப்பாகப் படித்திருக்கும். அதனால் பெயரைப் பலவிதமாக எழுதிப் பாருங்கள். தெரு, தோட்டம், கப்பல் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். நம்மவர்களை ஏற்றிச் சென்ற ரஜூலா கப்பல் துறைமுகம் வந்த தேதி கிடைக்கும். டெக்கில் பாய் விரித்துப் போனவர்களின் பெயரை மட்டும் அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

சாமானியர் பெயர் பத்திரிகையில் ஏறியது பெரும்பாலும் கோர்ட்டுச் செய்தியில்தான். விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டித் தாத்தா அபராதம் கட்டியது தெரிந்தால் வெட்கப்படாதீர்கள். அவர் வயசும் வேலையும் அந்த நாலு வரியில்தான் இருக்கக்கூடும்.