ஆந்தையா பறித்தது வேலையை?

நாடகத்திலே வில்லன் வேண்டுமென்றால் மீசையை முறுக்கிவிட்டு, கையிலே சவுக்கைக் கொடுத்துவிடுவோம், வேலை முடிந்தது! அமெரிக்க நாட்டின் வடமேற்கிலே, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலே ஒரு நாடகம் நடந்தது. அங்கே வில்லனாக நிறுத்தப்பட்டது யார் தெரியுமா? ஓர் ஆந்தை! முதிர்ந்த காட்டிலே குடியிருந்து, எலியும் அணிலும் தின்று வாழும் புள்ளி ஆந்தை!

1990ஆம் ஆண்டு அந்த ஆந்தையை அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினமென்று அறிவித்தது அந்நாட்டுச் சர்க்கார். 1991இல் சியாட்டில் நகரத்து நீதிபதி வில்லியம் டுவையர், அது வாழும் தேசியக் காடுகளில் மரம் விற்கத் தடை விதித்தார். வாள் ஓய்ந்தது, ஆலை அடைபட்டது, அடுப்பும் அணைந்தது. ஆந்தை வேண்டுமா, அன்னம் வேண்டுமா என்று கிளப்பிவிட்டனர். காய்த்த கையினன், கள்ளமறியாத் தொழிலாளி, அவனும் அதையே கேட்டான்.

அமெரிக்கக் காட்டைப் பற்றி நமக்கேன் கவலை என்பீர்கள். ஏழையின் கோபத்தை வேறெங்கோ திருப்பிவிடும் வித்தை எந்நாட்டிலும் ஒன்றேதான், தோழர்களே! கணக்கைப் பார்ப்போம், வாருங்கள்.

காடு முதல், ஆண்டுதோறும் அது பருக்கிறதே, அது வட்டி. வட்டியை எடு, முதலைத் தொடாதே! 1976இல் அமெரிக்கர் இயற்றிய தேசியக் காட்டுச் சட்டமும் அதைத்தான் சொல்லிற்று: காலமெல்லாம் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க அளவுக்கு மேல் மரம் விற்கலாகாது. சட்டம் சரிதான். கணக்கெழுதியவர்கள் செய்த சாகசத்தைக் கேளுங்கள்! கன்றுகளுக்கு உரமிடுவோம், நெருக்கத்தைக் கலைப்போம், நாளை அவை விரைந்து வளரும். ஆகவே, இன்றே கூடுதலாக வெட்டுவோம் என்றனர். பேரன் சம்பாதிக்கப்போவதைக் காட்டிப் பாட்டன் கடன் வாங்கிய கதை!

பலகை அடி என்பது ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம். 1987இல் தேசியக் காடுகளிலே வெட்டியது 1,200 கோடி பலகை அடிக்கு மேல்! 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் அது ஏறத்தாழ 200 கோடிக்கு இறங்கிற்று.

இன்னொரு மாயமும் உண்டு. நாடு முழுவதையும் கூட்டிப்பார், வெட்டுவதைவிட வளர்வது அதிகம் என்பார்கள். பொய்யல்ல, மெய்தான்! ஆனால், தென்மாநிலத்துத் தோட்டத்திலே முப்பதாண்டில் முற்றும் பைன் மரத்தையும், வடமேற்கிலே முந்நூறு, ஐந்நூறு ஆண்டு நின்ற டக்ளஸ் ஃபர் மரத்தையும் ஒரே பேரேட்டில் கூட்டினால் வருவது கணக்கா, கண்கட்டா? தெற்கே ஆயிரம் கன்று துளிர்த்தாலும், வடக்கே வீழ்ந்த கிழமரம் எழுந்து நிற்குமா?

வேலைக்கு வருவோம். நீதிமன்றத் தடையால் வேலை போகவேயில்லை என்று நான் சாதிக்கமாட்டேன், போயிற்று. ஆனால், அதற்கு முன்பே போனதை யார் பேசினர்? 1980களின் தொடக்கத்திலே வீடு கட்டுவது குறைந்தது, ஆலைகள் ஆட்களை அனுப்பின. பிறகு பலகை பழையபடி பெருகிற்று. ஆட்கள் பழையபடி அழைக்கப்படவில்லை, இயந்திரம் வந்துவிட்டது! தனியார் நிலத்து மரமோ, அறுக்கப்படாமலே, உருட்டுமரமாகவே ஜப்பானுக்குக் கப்பலேறிற்று. அந்தக் கப்பலை ஓட்டியதும் ஆந்தைதானோ?

பள்ளிக்கூடமும் இந்த வலையிலே சிக்கியது. 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசியக் காட்டு வருவாயில் கால்பங்கு உள்ளூர்ப் பள்ளிக்கும் சாலைக்கும். மரம் விழுந்தால் பாடம் நடக்கும், நின்றால் நிற்கும்! இப்படிக் கட்டிப்போட்டுவிட்டு, ஊரார் ஏன் வெட்டச் சொல்கிறார்கள் என்று வியப்பதிலே பொருளில்லை.

2025 மார்ச் முதல் நாள், குடியரசுத் தலைவர் டிரம்ப் மர உற்பத்தியை உடனே பெருக்க ஆணையிட்டார். ஏப்ரலிலே, 11 கோடி ஏக்கருக்கு மேற்பட்ட தேசியக் காட்டுக்கு அவசரநிலை! விற்கும் மரத்தை 25 விழுக்காடு கூட்டவும் உத்தரவு! காட்டுத்தீயைக் காரணம் காட்டுகிறார்கள். நெருங்கி மண்டிய சிறுமரம் தீக்கு விறகு என்பது உண்மை. அதைக் கலைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால், சிறுமரத்திலே கிடைப்பது சில்லறை, பெருமரத்திலேதான் பெரும்பணம்! ஆகவே, 25 என்ற எண்ணைக் கேட்டதும் கைதட்டாதீர்கள், கலங்காதீர்கள். விழப்போவது எந்த மரம், அதன் வயதென்ன, அறுப்பது எந்த ஊர் ஆலை, அங்கே கூலி எத்தனை பேருக்கு என்று கேளுங்கள்!