‘படிப்பு ஏறவில்லை’ என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள்!

(செங்கல்பட்டில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வணிகர்கள். எனவே வணிகத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடைத் தராசு ஒருநாள் தவறான எடை காட்டினால் என்ன செய்வீர்கள்? தூக்கித் தெருவில் எறிந்துவிடுவீர்களா? மாட்டீர்கள். தட்டில் தூசு இருக்கிறதா, தராசு சமதளத்தில் நிற்கிறதா என்று பார்ப்பீர்கள். தெரியாவிட்டால் பழுது பார்ப்பவரை அழைப்பீர்கள். சில ஆயிரம் ரூபாய் பொருளுக்கே இவ்வளவு பொறுமை காட்டும் நாம், அல்லாஹ் அமானிதமாகத் தந்த பிள்ளையிடம் அதில் பாதியாவது காட்டுகிறோமா?

நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பையன் புத்தகத்தைத் திறந்தால் ஐந்து நிமிடம் உட்கார மாட்டான். ஆசிரியர் பேசும்போது ஜன்னலைப் பார்ப்பான். எழுதத் தொடங்கியதைப் பாதியில் விடுவான். பள்ளியிலிருந்து புகார் வரும். முதலில் திட்டு, பிறகு அடி, அதன்பின் டியூஷன். கடைசியில் ஒரு தீர்ப்பு: “இவனுக்குப் படிப்பு ஏறாது, கல்லாவில் உட்காரட்டும்.” எட்டாம் வகுப்போடு ஒரு வாழ்க்கையின் கதவு மூடப்படுகிறது.

இந்தத் தீர்ப்பை எழுதியது யார்? மருத்துவரா? கல்வியாளரா? இல்லை. கோபத்தில் இருந்த ஒரு தகப்பனார்!

இது சமுதாயப் பிரச்சினை

இதை ஒரு வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2006 நவம்பரில் அளிக்கப்பட்ட நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை என்ன சொன்னது? நாட்டில் 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள், அல்லது இடையில் நின்றவர்கள். தமிழகத்தில் 2007ஆம் ஆண்டு நமக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு கிடைத்தது. எத்தனை மாநாடுகள், எத்தனை ஆர்ப்பாட்டங்களுக்குப் பின் கிடைத்த உரிமை அது! ஆனால் அந்த இடத்தைக் கேட்டுப் பெற ஒரு மாணவன் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்ட வேண்டுமே! வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் தொடங்கிய கிரசென்ட் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்து நம் மாவட்டத்திலேயே நிற்கிறது. எட்டாம் வகுப்பில் நின்றவனுக்கு அதன் வாசல் ஏது?

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

கவனம் சிதறுவதற்குக் காரணம் ஒன்றல்ல. எளியவற்றிலிருந்து தொடங்குவோம்.

பிள்ளைக்குக் கரும்பலகை தெரிகிறதா? பார்வை மங்கலாக இருப்பது அவனுக்கே தெரியாது. உலகம் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக் கொண்டிருப்பான். காது சரியாகக் கேட்கிறதா? அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வதில் பாதி கேட்காது. இரத்தச்சோகை இருக்கிறதா? 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருப்பது தெரிய வந்தது. இரும்புச்சத்து குறைந்த உடம்பில் மூளை சோர்ந்துதான் போகும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள்.

காலையில் சாப்பிட்டானா? பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதால்தான் 2022 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. போதுமான தூக்கம் உண்டா? 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். கடையடைத்து இரவு பதினோரு மணிக்கு நாம் வீடு திரும்பும்வரை கைபேசியோடு விழித்திருக்கும் பிள்ளையை மறுநாள் வகுப்பில் தூங்குகிறான் என்று குறை சொல்வது நியாயமா?

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. வடமாவட்டங்களில் பல வீடுகளில் உருது பேசுகிறோம். தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், மக்தபில் அரபி. இரண்டு எழுத்துகள் இடமிருந்து வலம் போகின்றன. இரண்டு வலமிருந்து இடம். பல பிள்ளைகள் இதைச் சமாளித்து விடுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு எழுத்தைப் பிரித்தறிவதிலேயே குறைபாடு இருந்தால் இந்தக் கூட்டத்தில் அது மறைந்துபோகும். மொழி குழம்புகிறது என்று நாமும் விட்டுவிடுவோம்.

கொரோனா காலத்தையும் மறக்க வேண்டாம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அப்போது முதல் வகுப்பில் இருந்த பிள்ளை, எழுத்துக் கற்க வேண்டிய காலத்தை வீட்டில் கழித்தது. அடித்தளம் விட்டுப்போன பிள்ளைக்கு மேல்வகுப்புப் பாடம் புரியவில்லை. புரியாததில் மனம் நிற்கவில்லை. இது யாருடைய குற்றம்?

பள்ளியிலும் வீட்டிலும்

இவையெல்லாம் சரியாக இருந்தும் கவனம் நிற்கவில்லை என்றால்? இங்கே மருத்துவர்கள் பார்க்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. பள்ளியில் மட்டும் இந்தத் தொல்லையா, வீட்டிலும் உண்டா? பள்ளியில் மட்டும் என்றால் அந்த வகுப்பறையில், அந்தப் பாடத்தில், அங்குள்ள ஏதோ ஒரு பயத்தில் காரணம் இருக்கலாம். இரண்டு இடங்களிலும், 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதைக் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்ற கோணத்தில் ஆராய்கிறார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் ஏ.டி.எச்.டி. என்பார்கள். உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு பேர்!

இந்தப் பிள்ளைகள் மந்தமானவர்கள் அல்லர். பாடப்புத்தகத்தில் ஐந்து நிமிடம் நிற்காத பையன், பழுதான கைபேசியைப் பிரித்துப்போட்டு ஒரு மணி நேரம் அதிலேயே மூழ்கியிருப்பான். உடனே நாம், “வேண்டுமென்றே ஏமாற்றுகிறான்” என்கிறோம். உண்மை அதுவல்ல. பிடித்ததில் தானாக நிற்கும் மனத்தை, பிடிக்காததில் கட்டி நிறுத்துவதுதான் அவனுக்குக் கடினம். பெண் பிள்ளைகளிடம் இது வேறு விதமாகவும் இருக்கும். ஓடமாட்டாள், சத்தம் போடமாட்டாள். அமைதியாக உட்கார்ந்து கனவு கண்டுகொண்டிருப்பாள். தொல்லை தராததால் யாரும் கவனிப்பதில்லை. மதிப்பெண் குறைந்ததும் படிப்பு நின்றுவிடுகிறது. கல்யாணப் பேச்சு தொடங்கிவிடுகிறது.

வாசலிலேயே இருக்கும் உதவி

உதவி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியினருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால், கோவளத்துக்குச் சற்று முன்பாக முட்டுக்காடு. பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் அங்கே இயங்குகிறது. சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி, உளவியல் பரிசோதனை அனைத்தும் உண்டு. கோவளம் தர்காவுக்குப் போகும் நம் மக்கள் அந்த வாசலைக் கடந்தே போகிறார்கள். எத்தனை பேர் உள்ளே போயிருப்போம்?

துஆ கேளுங்கள்; அது முஃமினின் ஆயுதம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வையுங்கள் என்று கற்றுத் தந்த நபியின் உம்மத்து நாம். மனநலப் பிரிவு என்றதும் “பைத்தியம் என்று ஊர் சொல்லுமே” என அஞ்சாதீர்கள். நேரில் போகத் தயங்கினால் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்து தேவையா, பயிற்சி மட்டும் போதுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கடையில் கேட்டு நீங்களாக வாங்கித் தராதீர்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிடப்பட்டுள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. உரிய சான்றிதழ் பெற்ற மாணவருக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரின் உதவியும் கேட்டுப் பெற வழியுண்டு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. வணிகர்களே, இதையும் நினைவில் வையுங்கள்: 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ குடும்பத் தொழிலுக்கு உதவலாம். பள்ளி நேரத்தில் சொந்தக் கடையில்கூட உட்கார வைக்கக் கூடாது.

நபிகளாரின் பொறுமை

பத்து வயதில் நபி (ஸல்) அவர்களிடம் பணிக்கு வந்தவர் அனஸ் (ரலி). ஒருநாள் ஒரு வேலையாக அவரை அனுப்பினார்கள். வழியில் கடைவீதியில் சிறுவர்கள் விளையாடிக் கொண்டிருந்தார்கள். போன வேலையை விட்டு அங்கேயே நின்றுவிட்டார் சிறுவர். பின்னாலிருந்து ஒரு கரம் அவர் பிடரியைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணலார்! முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பு. செல்லப் பெயரால் அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்றுதான் கேட்டார்கள். பத்தாண்டுகள் பணி செய்தும் தம்மை அவர்கள் “ச்சீ” என்றுகூடச் சொன்னதில்லை என்று அந்தச் சிறுவரே பின்னாளில் அறிவித்தார். கடைவீதியில் கவனம் சிதறி நின்ற அந்தப் பிள்ளைதான் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நபிமொழிகளை உலகுக்குத் தந்தார். அன்று ஓர் அடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிந்தித்துப் பாருங்கள்.

என்ன செய்யப் போகிறோம்?

ஜமாஅத் நிர்வாகிகளே! மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மதரஸா கூடத்தைப் படிக்கும் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில், தொலைக்காட்சிச் சத்தத்தில் படிக்கும் பிள்ளைக்கு அந்த அமைதியே பெரிய உதவி. மஹல்லாவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பட்டியல் எடுங்கள்.

வணிகர்களே! மாதத்தில் ஒருநாள் கடையை ஆள் பொறுப்பில் விட்டுவிட்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். “எப்படிப் படிக்கிறான்” என்பதோடு நிறுத்தாமல், “எப்போது கவனிக்கிறான், எப்போது கவனிப்பதில்லை” என்று கேளுங்கள்.

இளைஞர்களே! உங்கள் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு இருபது நிமிடம் படியுங்கள், ஐந்து நிமிடம் எழுந்து நடங்கள், மீண்டும் உட்காருங்கள். சுப்ஹுக்குப் பிந்திய நேரம் தெளிவான நேரம்; அதைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். முயன்றும் முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் பெற்றோரிடம் சொல்லுங்கள். உதவி கேட்பது இழுக்கல்ல. தெருவில் படிப்பு நின்ற தம்பி ஒருவன் இருந்தால், அவனைத் திரும்பப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது உங்கள் பொறுப்பு.

காரணம் தேடாமல் எந்தப் பிள்ளையின் படிப்பையும் நிறுத்த மாட்டோம் என்ற ஒரே ஒரு முடிவோடு இங்கிருந்து எழுந்து செல்லுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அவர்களைப் புரிந்துகொள்ளும் பொறுமையையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.