கேட்டறியும் உரிமை
(தேவாரத்தில் நடைபெற்ற பொதுமக்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சர்க்கார் அலுவலகத்துக்கு வருவோருள் பலர், கேட்க வந்ததைக் கேளாமலே திரும்பிச் செல்வதை நாம் காண்கிறோம். அதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்னும் அச்சமே அதற்குக் காரணமாகும். முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்த மூதாட்டி, அம்மனு யாரிடம் உள்ளது என்றறியாமல் அலைகிறார். உடன் வரும் மகளுக்கோ ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி நட்டம். இந்நிலை மாறுவதற்குரிய வழி சட்டத்தில் இருக்கிறது.

இவ்வுரிமை எளிதில் கிடைத்ததன்று. ராஜஸ்தானத்தில் உழவரும் கூலியாட்களும் சேர்ந்த மஸ்தூர் கிஸான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு, 1994-ஆம் ஆண்டு முதல் பொது விசாரணைகளை நடத்திற்று. சர்க்கார் வேலைகளின் கூலிப் பட்டியல்கள் ஊரார் முன்னிலையில் வாசிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தமை வெளியாயிற்று. நம் மாநிலம் 1997-இலேயே, இந்தியாவில் முதன்முதலாக, தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் செய்தது. ஆயினும் அதில் விலக்குகள் மிகுந்திருந்தன. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ளது.

மனு எழுதுவது கடினமன்று. வெள்ளைத்தாள் போதும். அந்தந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் சான்று காட்டினால் கட்டணமில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் வடிக்க உதவுவது அலுவலரின் கடமை. உதவித்தொகை பற்றிய மனுவை எங்களிடம் கொடுத்துவிட்டாலும் கேடில்லை. உரிய உத்தமபாளையம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு 5 நாட்களுக்குள் நாங்களே அனுப்பியாக வேண்டும்.

கேட்கும் முறையில்தான் பலர் தவறுகின்றனர். “எங்கள் தெருச் சாலை ஏன் இப்படி இருக்கிறது?” என்றால், அது குறையாகுமேயன்றித் தகவல் கோரிக்கை ஆகாது. பதிவேட்டில் உள்ளதைத் தருவதே இச்சட்டம். ஆகையால், “இச்சாலைக்கு ஒதுக்கிய தொகை, மதிப்பீடு, அளவைப் புத்தகம், பணம் வழங்கிய ஆணை ஆகியவற்றின் நகல் வேண்டும்” என்று எழுதுங்கள். வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றுடன் பெறவும் சட்டம் இடமளிக்கிறது. எனினும், பிறருடைய அந்தரங்க விவரம் போன்ற சில விலக்குகள் உண்டு.

மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் ஒன்றை அறிதல் வேண்டும். தனியார் தோட்ட முதலாளியிடம் இச்சட்டப்படி நேரே கேட்க இயலாது. ஆனால், தொழிலாளர் துறை சட்டப்படி அவரிடமிருந்து பெறக்கூடிய தகவலை அத்துறையிடம் கேட்கலாம். இடுக்கியிலுள்ள கேரள அலுவலகத்துக்கும், இந்தியக் குடிமக்கள் என்ற முறையில், நீங்கள் மனுச் செய்யலாம். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதினால் போதும். கட்டணம் செலுத்தும் முறை மட்டும் அம்மாநில விதிப்படி அமையும். நறுமணப் பொருள்கள் வாரியம் மத்திய சர்க்காரைச் சேர்ந்தது, அதனிடமும் கேட்கலாம்.

30 நாட்களுக்குள் விடை வரவேண்டும். உயிரையோ உரிமையுடன் நடமாடுவதையோ பற்றியதாயின் 48 மணி நேரமே தவணை. விடை வராவிடினும், வந்தது நிறைவளிக்காவிடினும், அதே துறையின் மேலதிகாரியிடம் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்க. அதற்குப் பின்னும் குறை நீங்காவிட்டால், மாநில அலுவலகங்களைப் பற்றிய முறையீட்டை 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடம் கொண்டு செல்லலாம். தக்க காரணமின்றித் தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 ரூபாய் வரை, தண்டம் உண்டு. ஆகவே மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

மனு வந்தால் வேலை கூடுகிறதென்று எங்களுள் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. கணக்கு ஒழுங்காயிருக்கும் அலுவலகத்துக்கு இது பெருஞ்சுமையன்று. ஊர்ப்பணம் எவ்வாறு செலவாயிற்று என்று கேட்பவர் எங்கள் பகைவரல்லர், அப்பணத்துக்கு உரியவர். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் தத்தம் தெருவில் ஒருவருக்கேனும் மனு எழுதித் தரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.