பேசாத பெட்டியும் பேச வேண்டிய நேரமும்

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கப்பலிலும் ஆலையிலும் இருக்கும் இன்டர்காம் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "அதில் பேச என்னப்பா இருக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். இன்ஜின் நின்றால் கப்பல் நிற்கும். பம்ப் நின்றால் உற்பத்தி நிற்கும். இன்டர்காம் நின்றால் அன்றைக்கு ஒன்றும் நிற்காது. அதனாலேயே பராமரிப்புப் பட்டியலில் அதற்குக் கடைசி இடம்.

1988 ஜூலை 6 அன்று இரவு, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை வெடித்து எரிந்தது. 167 பேர் இறந்தார்கள். முதல் வெடிப்பிலேயே கட்டுப்பாட்டு அறை செயலிழந்தது. ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்புகூட வரவில்லை. பலர் தங்கும் பகுதியில் உத்தரவுக்குக் காத்திருந்து புகையில் மாண்டார்கள். அங்கே கார்டு பழுது என்று நான் சொல்ல வரவில்லை. குரல் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். இன்று கடல் மேடைகளில் ஏ, பி என்று இரண்டு தனித்தனி ஒலிபெருக்கி அமைப்புகள் வைப்பது வழக்கம். ஒன்று போனாலும் மற்றொன்று பேசும்.

கப்பலுக்கும் இதே நியாயம்தான். மேல்தளத்திலிருந்து இன்ஜின் அறைக்கு உத்தரவு போக, ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகளாவது வேண்டும் என்கிறது சோலாஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கை. புறப்படுவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் ஸ்டீயரிங் கியர் அறையோடு பேசிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. பேட்டரியே இல்லாமல், பேசுபவரின் குரல் அதிர்விலேயே மின்சாரம் உண்டாக்கும் சவுண்ட் பவர்டு டெலிபோன் இரண்டாம் உலகப் போர்க் கப்பல்களில் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அன்றாடம் நாம் பயன்படுத்தும் டாக்‌பேக் அமைப்பு கார்டுகளை நம்பித்தான் ஓடுகிறது. பவர் சப்ளைக்கு ஒரு கார்டு, ஆம்ப்ளிஃபையருக்கு ஒன்று, லைன்களுக்குச் சில.

இந்தக் கார்டுகளுக்கு மூன்று எதிரிகள்: உப்பு, சூடு, அதிர்வு. உப்புக் காற்று கனெக்டரில் பச்சை பூக்க வைக்கும். சூடு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை உள்ளுக்குள் காய வைக்கும். 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது நம் தொழிலின் பொதுக் கணக்கு. அதிர்வு கனமான பாகங்களின் சால்டரைத் தளர்த்தும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். விளக்கு எரியும். பேசினால் மட்டும் கேட்காது.

ஒரு கப்பலில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டீயரிங் கியர் அறையில் மணி அடிக்கும், ஆனால் அங்கிருந்து பதில் குரல் வராது. நான் போவதற்கு முன்பே மூன்று முறை கார்டு மாற்றியிருந்தார்கள். மாற்றினால் சில வாரம் பேசும், மறுபடி ஊமையாகும். பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். கேபிள் மேலிருந்து உள்ளே இறங்கியிருந்தது. க்ளாண்ட் ரப்பர் வெடித்திருந்தது. கேபிள் வழியாக வழிந்த தண்ணீர் நேராகக் கார்டு மேல் சொட்டிக்கொண்டிருந்தது. க்ளாண்டை மாற்றி, கேபிளைத் தொங்கலாக வளைத்துக் கீழ்ப்பக்கமாக உள்ளே விட்டோம். பிரச்னை தீர்ந்தது. தம்பிகளா, பெரும்பாலும் கார்டு குற்றவாளி இல்லை, அடிபட்டவன். அடித்தவனைத் தேடுங்கள்.

இன்னும் சில பழக்கங்களைச் சொல்கிறேன். கேபிளை 500 வோல்ட் மெக்கரால் சோதிக்கும் முன் கார்டுகளைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல கார்டை நாமே கொன்றுவிடுவோம். கையில் எர்த் பட்டை இல்லாமல் கார்டைத் தொடாதீர்கள். பவரை நிறுத்திவிட்டு, அழுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தங்க முலாம் பூசிய முனைகளை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். சால்டர் செய்த இடத்தில் பாதுகாப்புப் பூச்சை மறுபடி பூசுங்கள். புதுக் கார்டு போடும்போது பழையதின் ஜம்பர், சுவிட்ச் நிலைகளைப் பார்த்து அப்படியே வையுங்கள். எரிவாயு உள்ள ஆலையில் ஃபிளேம்புரூஃப் பெட்டியைத் திறந்தால், அத்தனை போல்ட்டையும் திருப்பிப் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் அது ஃபிளேம்புரூஃப் இல்லை, வெறும் பெட்டி.

எல்லாவற்றுக்கும் மேலாக, நன்றாக வேலை செய்யும்போதே ஒவ்வொரு டெஸ்ட் பாயின்ட்டிலும் உள்ள வோல்டேஜை எழுதி வையுங்கள். பழுதான பிறகு அந்தத் தாள்தான் வழிகாட்டி. மெயின் சப்ளையை நிறுத்தி, 24 வோல்ட் பேட்டரியில் பேசிப் பாருங்கள். இன்ஜின் ஓடும் சத்தத்திலேயே பேசிப் பாருங்கள். இந்தப் பக்கம் பத்து எண்கள் சொன்னால், அந்தப் பக்கம் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஹலோ, ஓகே" என்பதெல்லாம் சோதனை ஆகாது.

2012 முதல் நடைமுறைக்கு வந்த எஸ்டிசிடபிள்யூ திருத்தங்களில், கப்பலின் எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர் வேலைக்குத் தனித் தகுதிச் சான்று வந்துவிட்டது. நம் மின்னணுப் பிரிவு மாணவர்களுக்கு அது நல்ல வழி. கார்டைக் கழற்றி மாட்ட யாராலும் முடியும். ஏன் கெட்டது என்று சொல்லத் தெரிந்தவர்தான் இன்ஜினீயர்.

ஆண்டு முழுவதும் பேசாமல் சுவரில் தொங்கும் அந்தப் பெட்டி, ஒரே ஒரு நாள் ஒரே ஒரு வாக்கியம் பேச வேண்டியிருக்கும். அதைக் கேட்டு நாலு பேர் உயிரோடு வெளியே வருவார்கள். அந்த வாக்கியம் போய்ச் சேர வைப்பது நம் கையில் இருக்கிறது.