மேட்டுக் கல்லும் ஏரித் தண்ணீரும்



விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவர் இன்றைக்குக் கல்லைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைப்பீர்கள். இது உங்கள் ஏரித் தண்ணீரோடு சேர்ந்த பேச்சுதான்.

ஊரப்பாக்கம், வண்டலூர், கிளாம்பாக்கம் வட்டாரத்து மேட்டு நிலங்களில் பெரிய கற்கள் வட்டமாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் சின்னக் கற்கள் குவிந்திருக்கும். சில ஊர்களில் இதைப் பாண்டவர் குழி என்பார்கள். உண்மையில் இவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த நம் முன்னோர் இறந்தவர்களை அடக்கம் செய்த இடங்கள். கீழே பலகைக்கல் அறையோ, கால் வைத்த சுடுமண் பேழையோ, தாழியோ இருக்கும். மதுராந்தகம் பக்கம் சானூரில் 1950லும் 1952லும் தொல்லியல் துறையினர் இப்படிப்பட்ட இடத்தைத் தோண்டி ஆராய்ந்தார்கள்.

அதைவிடப் பழமையும் நம் பக்கத்தில் உண்டு. 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில், சரளை எடுத்த பள்ளத்தில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அதிலிருந்துதான் தொடங்கியது. அந்தச் சரளை பார வண்டியில் ஏறி ரோட்டுக்குப் போயிருந்தால் அதுவும் ஜல்லியோடு ஜல்லியாகிப் போயிருக்கும்!

"வெறும் கல்லுதானே, இதுல நமக்கென்ன லாபம்?" என்று கேட்கலாம். அந்தக் காலத்து மக்கள் எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கவனியுங்கள். நஞ்சையைத் தொடவில்லை. பயிர் ஏறாத பாறை மேட்டில், மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். நல்ல மண்ணை உழவுக்கு விட்டார்கள். நம் மாவட்டத்தில் பல இடங்களில் அந்த மேட்டுக்குக் கீழேதான் ஏரி இருக்கிறது. மேட்டில் பெய்த மழை வழிந்து, வரத்துக்கால் வழியாக ஏரிக்கு வருகிறது.

இன்றைக்கு அதே மேடு கணக்கில் தரிசு, பாறைப் புறம்போக்கு என்று இருக்கிறது. கல் குவாரிக்கும் கிராவலுக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அங்கே குவாரி வந்தால் கல்வட்டமும் போகும், நீர்வரத்தும் போகும். மழைத் தண்ணீர் குவாரிப் பள்ளத்தில் தேங்கிவிடும். கிரஷர் தூசி வரத்துக்காலை அடைக்கும். ஏரி நிரம்பாவிட்டால் கீழே சம்பா ஏது? திரிசூலம், பல்லாவரம் பக்கம் மலையை உடைத்த பள்ளங்களை ரயிலில் போகும்போதே பார்க்கலாம்.

வீடு கட்டக் கல் வேண்டும்தான். ஆனால் எங்கே எடுப்பது என்று ஒரு கணக்கு வேண்டாமா?

"கல்வட்டம் இருக்குன்னு சொன்னா நிலம் போயிடுமே" என்ற பயம் பலருக்கு. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் கட்டடம் கட்டக்கூடாது, கல் உடைக்கக்கூடாது, வெடி வைக்கக்கூடாது. ஆனால் ஓரடிக்கு மேல் மண்ணைத் தோண்டாத சாகுபடிக்குத் தடை இல்லை. கம்பு, கேழ்வரகு, உளுந்து போடலாம். கிணறு வெட்டுவதும் ஜே.சி.பி. விடுவதும்தான் கூடாது. 2010இல் வந்த திருத்தத்தின்படி, அந்த எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டடம், குவாரி இரண்டுக்கும் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை:

வட்டக் கற்களை வரப்புக்கோ வேலிக்கோ பெயர்க்காதீர்கள்.

உழும்போது தாழியோ பழைய இரும்போ தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். புதையல் என்று உடைத்துப் பார்க்காதீர்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்தது நெல் உமி. அதன் வயது சுமார் 3,200 ஆண்டு என்று 2021இல் அறிவித்தார்கள். தங்கம் தேடி உடைத்திருந்தால் அந்த உமியை யார் பார்த்திருப்பார்கள்?

உங்கள் ஊரில் கல்வட்டம் உள்ள சர்வே எண்களை இப்போதே எழுதி, படம் எடுத்து வையுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். குவாரிக்கு ஏலம் விட்ட பிறகு ஓடுவதைவிட, முன்னாலேயே எழுதிக் கொடுப்பது நல்லது.

அடுத்த மழைக்கு வரத்துக்கால் தூர் வாரப் போகும்போது, அப்படியே மேடு வரை ஒரு நடை போய் அந்தக் கற்களையும் எண்ணிவிட்டு வாருங்கள்.